இரண்டு கியர்சார்ஜ் உறைகள்: ஒரு விண்வெளி அஞ்சல் சேகரிப்பில் நடந்தது

பின்னணி

சேகரிப்பாளர் திருச்சிக்காரர், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தபால்தலை ஆசை அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா புவியியல் வாத்தியார். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடத்தில் பூமியைச் சுற்றி வந்த செய்தியைப் படித்ததிலிருந்து அந்த மனிதருக்கு வேறு நினைப்பே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். மாஸ்கோவிலும் அமெரிக்காவிலும் பேனா நண்பர்களைப் பிடித்தார். தன் விலாசத்தைத் தானே எழுதிய உறைகளைக் கேப் கெனவெரல் போஸ்ட்மாஸ்டருக்கு அனுப்பி, ராக்கெட் கிளம்பும் நாளில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும்படி கேட்டார். தபால் செலவுக்குத் தலைமைத் தபால் நிலையத்தில் வாங்கிய சர்வதேச ரிப்ளை கூப்பனை உள்ளே வைப்பார். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் செய்தது இதைத்தான்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். சோவியத் விண்கலங்கள் தரையில் இறங்கின. அமெரிக்கக் கலங்கள் கடலில் இறங்கின. அவற்றை மீட்கக் கடற்படைக் கப்பல்கள் காத்திருந்தன. கப்பலுக்குள்ளேயே தபால் அறை உண்டு, கப்பல் பெயர் போட்ட முத்திரையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் ஏவிய இடத்து உறை ஒன்று, மீட்ட கப்பலின் உறை ஒன்று என்று இரண்டு வகை கிடைக்கும். இரண்டாவது வகைக்குத்தான் கிராக்கி அதிகம். அதில்தான் போலியும் அதிகம்.

அப்பா காலமான பிறகு அவருடைய பெட்டி முப்பது வருடம் பரணில் இருந்தது. மகன் ஓய்வு பெற்றதும் அதை இறக்கினார். ஒரு மாவட்ட அளவிலான தபால்தலைக் கண்காட்சியில் ஒரு ஃபிரேம், அதாவது 16 ஷீட், வைக்க ஆசைப்பட்டார். தலைப்பு "மெர்க்குரி முதல் ஜெமினி வரை". அமெரிக்கா மனிதரை விண்ணுக்கு அனுப்பிய முதல் இரண்டு திட்டங்களின் பெயர் அவை. பெட்டியில் இருந்தவை பழுப்பேறி, விலாசம் எழுதி, மூலை மடங்கி இருந்ததால், கண்ணுக்கு நன்றாக இருக்கும் உறைகளை இணையத்தில் வாங்கிச் சேர்த்தார். மீட்புக் கப்பல் உறைகள் மட்டும் ஏழு, சேர்த்து சுமார் 48,000 ரூபாய். கண்காட்சிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஷீட் எழுத உதவி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாள் பார்த்தது

மேஜை மேல் இரண்டு அடுக்கு வைத்திருந்தார். வலது பக்கம் பளிச்சென்ற வெள்ளை உறைகள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில். இடது பக்கம் அப்பாவுடையவை, ரப்பர் பேண்ட் போட்டு.

"இது காட்சிக்கு, தம்பி. அது சும்மா ஞாபகத்துக்கு" என்றார்.

வலது பக்க ஏழும் அழகான வரிசை: விண்வெளி வீரர், அவர் பயணத்தின் மீட்புக் கப்பல், முத்திரைத் தேதி. ஆலன் ஷெப்பர்டை மீட்ட லேக் சாம்ப்ளெய்ன், 1961 மே 5. கஸ் கிரிஸமை மீட்ட ராண்டால்ஃப், 1961 ஜூலை 21. ஜான் கிளென் இறங்கியபோது கலத்தைத் தூக்கிய நோவா, 1962 பிப்ரவரி 20. கார்ப்பென்டரின் பயணத்துக்கு இன்ட்ரெபிட், 1962 மே 24. ஷிராவுக்குக் கியர்சார்ஜ், 1962 அக்டோபர் 3. கூப்பருக்கு மறுபடி கியர்சார்ஜ், 1963 மே 16. கடைசியாக ஜெமினி 3-க்கு இன்ட்ரெபிட், 1965 மார்ச் 23. மெர்க்குரியில் மனிதர் பறந்த ஆறு பயணமும் விட்டுப்போகாமல் இருந்தன.

எனக்கு முதலில் நெருடியது அந்த நிறைவுதான். நோவா ஒரு சிறிய டிஸ்ட்ராயர். அன்று முதன்மை மீட்புக் கப்பல் ராண்டால்ஃப் என்ற விமானந்தாங்கி. சேகரிப்பாளர்கள் முன்கூட்டியே உறைகளை அனுப்பி வைத்திருந்ததும் பெரும்பாலும் அங்கேதான். கிளென் கணக்குப் போட்ட இடத்துக்குச் சுமார் 65 கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிவிட்டதால், பக்கத்தில் இருந்த நோவா போய்த் தூக்கியது. யாரும் எதிர்பார்க்காத கப்பலின் உறை அரிதாக இருப்பதுதான் இயல்பு. அது புதுக் கருக்கு மாறாமல், நடுவில் அச்சடித்தது போல விழுந்த முத்திரையோடு, மற்ற ஆறின் கூடவே ஒரே தரத்தில் கிடைக்கிறது என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அன்று நான் எதுவும் சொல்லவில்லை. சந்தேகத்தை ஆதாரம் இல்லாமல் சொன்னால் மனசு உடைந்துவிடும், பொய்யாகிப் போனால் நட்பும் போய்விடும். ஏழையும் முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தேன். இடது பக்க அடுக்கை அன்று நான் பிரிக்கவே இல்லை. இந்த வழக்கில் என் பெரிய தவறுகளில் ஒன்று அது.

டைப்ரைட்டரும் ஐந்து எண்ணும்

வீட்டில் ஸ்கேன்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு உறைகளிலும் விலாசம் டைப் அடித்திருந்தது. பெறுநர்கள் நான்கு பேர், நான்கு வெவ்வேறு ஊர். ஆனால் எல்லாவற்றிலும் சிறிய 'ஏ' எழுத்தின் வயிறு மையால் அடைத்திருந்தது, 'டி' எழுத்து வரிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. ஒரே ஆள் தனக்காக அடித்த உறைகளில் ஒரே டைப்ரைட்டர் இருந்தால் ஆச்சரியமில்லை. நான்கு ஊர்க்காரர்கள் நான்கு வருடமாக ஒரே டைப்ரைட்டரைப் பகிர்ந்துகொண்டார்கள் என்றால்தான் கேள்வி.

நோவா உறையில் இன்னொன்று. ஊர்ப் பெயருக்கும் மாநிலத்துக்கும் பிறகு ஐந்து இலக்க எண் ஒன்று அடித்திருந்தது. அது ஜிப் கோடு. அமெரிக்காவில் ஜிப் கோடு நடைமுறைக்கு வந்தது 1963 ஜூலை 1. முத்திரைத் தேதியோ 1962 பிப்ரவரி. அதற்கு முன்னால் பெரிய நகரங்களுக்கு ஊர்ப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்கத்தில் மண்டல எண் எழுதும் வழக்கம்தான் இருந்தது.

போனில் சொன்னதும் அவர் உடனே ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "பின்னாடி யாராவது வெறும் உறையில விலாசம் அடிச்சிருக்கக் கூடாதா?" கூடும். சேகரிப்பாளர்கள் விலாசம் இல்லாத உறையையே மூட்டையாக அனுப்பி முத்திரை வாங்குவதும் உண்டு, பிறகு விலாசம் ஏறுவதும் உண்டு. அதனால் ஜிப் கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஒத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு உண்மையான கப்பல் முத்திரை தேவைப்பட்டது. அது எங்கே கிடைக்கும் என்று நான் வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் மூன்றரை மணி

இடையில் ஒரு கேப் கெனவெரல் உறையும் மாட்டியது. இதுவும் இணையத்தில் வாங்கியதே, மேலே சொன்ன ஏழில் சேராது. கிளென் பறந்த நாள், காலை நேர முத்திரை, அதன் கீழே 4 சென்ட் பிராஜெக்ட் மெர்க்குரி தபால்தலை.

அந்தத் தலையின் கதை தெரிந்தவர்களுக்கு இது நடக்க முடியாத காரியம் என்று புரியும். பயணம் தோற்றால் அவமானம் என்று அமெரிக்க அஞ்சல் துறை அந்தத் தலையை ரகசியமாக அச்சடித்தது. 305 தபால் நிலையங்களுக்குச் சீல் வைத்த பொட்டலமாக அனுப்பி, உத்தரவு வரும்வரை பிரிக்கக் கூடாது என்றது. காலை 9:47-க்குக் கிளம்பிய கிளென் மூன்று சுற்று முடித்து 2:43-க்குக் கடலில் இறங்கினார். 3:30-க்குத்தான் தலை விற்பனைக்கு வந்தது. அதாவது காலையில் அப்படி ஒரு தலை இருப்பதே கவுண்ட்டரில் நிற்பவருக்குத் தெரியாது.

உறையைக் கையில் வாங்கி, பத்து மடங்கு லென்ஸில் தலையின் இடது ஓரத்தைப் பார்த்தோம். முத்திரையின் அலைக்கோடுகள் உறைக் காகிதத்தில் வந்து, தலையின் பல்விளிம்பில் நின்று, தலைக்கு மேல் அரை மில்லிமீட்டர் கீழே தள்ளித் தொடங்கின. காகிதத்தில் இருந்த மை சாம்பல் கலந்த கருப்பு. தலை மேல் இருந்தது கொஞ்சம் ஊதா ஓடிய கருப்பு. பல்விளிம்புக்கு வெளியே ஒரு நூல் அகலத்துக்குப் பழைய பசையின் பளபளப்பும் தெரிந்தது. வேறு தலை ஒட்டி உண்மையாகவே காலையில் முத்திரை வாங்கிய உறை அது. யாரோ அந்தத் தலையை உரித்துவிட்டு மெர்க்குரித் தலையை ஒட்டி, கோடுகளைத் தொடர்ந்து வரைந்திருக்கிறார்கள். நல்ல உறை ஒன்றைக் கெடுத்துப் போலி செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையில் வலித்தது.

லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, மத்ததையும் பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

இடது பக்க அடுக்கு

அன்று மாலை அவருடைய அக்கா வந்திருந்தார். "அப்பா கப்பலுக்கும் எழுதுவாரேடா. ஒண்ணே ஒண்ணு வந்துச்சுன்னு தெரு முழுக்கக் காட்டுனாரே" என்றார். தம்பிக்கு அது ஞாபகமில்லை, 1963-இல் அவர் கைக்குழந்தை. ரப்பர் பேண்டைக் கழற்றினோம்.

மொத்தம் இருபத்திரண்டு உறைகள். பதினேழாவதாக அது இருந்தது. நீர்க்கறை படிந்த காக்கி நிற உறை. முன்னால் படமும் இல்லை, கேஷே எனப்படும் நினைவு அச்சும் இல்லை. அப்பாவின் சாய்வான கையெழுத்தில் தெப்பக்குளம் தபால் நிலையத்துக்குட்பட்ட வீட்டு விலாசம். பேனா நண்பர் அனுப்பிய அமெரிக்கத் தலைகளை ஒட்டி அனுப்பியிருக்கிறார். அவற்றின் மேல் கியர்சார்ஜ் கப்பலின் முத்திரை, 1963 மே 16. பின்பக்கம் அதே வருடம் ஜூலையில் விழுந்த தெப்பக்குளம் டெலிவரி முத்திரை.

இதை விட உறுதியான ஒப்பீட்டுப் பொருள் கிடைக்காது. பசிபிக்கில் மிட்வே தீவுக்குப் பக்கத்தில் கூப்பர் இறங்கிய நாளில் கப்பலில் முத்திரை வாங்கி, இரண்டு மாதம் கடல்வழி வந்து, திருச்சித் தபால்காரர் கையால் வீட்டுக்குச் சேர்ந்தது. கள்ள முத்திரை செய்பவர் தெப்பக்குளத்து டெலிவரி முத்திரையையும் சேர்த்துச் செய்திருப்பார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவர் விலை கொடுத்து வாங்கிய அதே கப்பல், அதே தேதி உறையைப் பக்கத்தில் வைத்தோம். அப்பாவுடையதில் வட்டத்தின் கீழ்ப்பகுதியில் மை சரியாக ஏறவில்லை, எழுத்துகள் மெலிந்து உயரமானவை, தேதியின் எண்கள் வரிசையில் லேசாகச் சாய்ந்திருந்தன. உருட்டி மாற்றும் தேதிச் சக்கரம் வைத்த உலோக முத்திரை, அவசரமாகக் குத்தியது. வாங்கியதில் வட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது, எழுத்துகள் அகலமானவை, மை எங்கும் ஒரே சீராக, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரைகட்டி இருந்தது. அப்படிக் கரைகட்டுவது ரப்பர் முத்திரையின் அடையாளம்.

அப்புறம் ஏழையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கணினியில் பார்த்தேன். ஐந்து வெவ்வேறு கப்பல்களின் முத்திரை வட்டங்கள் அச்சு அசலாக ஒரே அளவு. தலையை ரத்து செய்யும் கோடுகளில் மூன்றாவது கோட்டில் ஒரே இடத்தில் ஒரே உடைசல். கப்பல் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

பின்பக்கத்தில் இருந்து போனவை

அப்பாவின் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. பத்தொன்பது உறைகளின் பின்னால் பென்சிலில் குறிப்பு இருந்தது. அனுப்பிய தேதி, ரிப்ளை கூப்பன் விலை, பயணம் தள்ளிப்போன நாட்கள், உறை வந்து சேர்ந்த நாள். மூன்றில் மட்டும் ஒன்றும் இல்லை, காகிதம் மட்டும் அந்த இடத்தில் மொரமொரப்பாக இருந்தது.

"அதெல்லாம் அழிச்சிட்டேன் தம்பி. நீங்கதான் போன வருஷம் சொன்னீங்க, பின்னாடி பென்சில் கிறுக்கல் இருந்தா சுத்தம் பண்ணணும்னு."

சொல்லியிருந்தேன். ஒரு கூட்டத்தில், வியாபாரிகள் பின்னால் எழுதும் விலையைப் பற்றிச் சொன்னது அது. அவர் அதைப் பொதுவான விதியாக எடுத்துக்கொண்டு, கண்காட்சிக்கு எடுக்கலாமா என்று யோசித்த மூன்று உறைகளில் நல்ல ரப்பர் வாங்கி நிதானமாக அழித்திருக்கிறார். மூன்றில் ஒன்று அந்தக் கியர்சார்ஜ் உறை. நான் பேசும்போது இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது. பழியை அவர் மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, வாங்கிய எட்டையும் காட்சியிலிருந்து எடுப்பது. ஆரம்பகால விண்வெளிக் கப்பல் உறைகளில் போலிகள் வெகு காலமாகவே பேசப்படும் விஷயம். நடுவர்கள் முதலில் பார்ப்பதே இவற்றைத்தான். இருந்தாலும் என் கண்ணை மட்டும் நம்பி 48,000 ரூபாய்க்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று, இரண்டு கியர்சார்ஜ் உறைகளின் ஸ்கேனையும் மற்றவற்றையும் இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உள்ள வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது: ஏழும் ஒரே கைவேலை, அப்பாவுடையது சந்தேகமில்லாமல் நல்லது.

இரண்டாவது முடிவில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. விற்றவர்கள் இரண்டு பேர். பணத்தைத் திருப்பிக் கேட்டால் உறையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் அது இன்னொருவர் தலையில் போய் விழும். அனுப்பாவிட்டால் பணம் போகும். ஓய்வூதியத்தில் வாழ்பவரிடம் கொள்கைக்காகப் பணத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல முடியாது. கடைசியில் ஒப்பீட்டுப் படங்களோடு எழுதி, இவை போலி என்று தெரிந்தே திரும்பப் பெறுகிறீர்கள் என்ற வாக்கியத்தைச் சேர்த்துக் கேட்டோம். கையில் தங்குபவற்றின் பின்பக்கம் போலி என்று அழியாத மையில் எழுதி, ஒப்பிட்டுப் பார்க்கும் பொருளாக வைத்துக்கொள்வது என்றும் ஒப்புக்கொண்டார். வாங்கிய விலைக்கே யாரிடமாவது தள்ளிவிடலாமா என்று ஒருமுறை கேட்டார், உடனே அவரே வேண்டாம் என்றும் சொன்னார்.

மூன்றாவதாக ஒரு ஆசையை நிறுத்த வேண்டியிருந்தது. காட்சியின் நடுவே வைக்க, "விண்ணில் பறந்த ஜெமினி உறை" என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்றுக்கு முன்பணம் கட்ட இருந்தார். விண்கலத்துக்கு விண்கலம் தபால் கைமாறியதே 1969 ஜனவரியில்தான். சோயுஸ் 5-லிருந்து வெளியே வந்து சோயுஸ் 4-க்குள் நுழைந்த இரண்டு வீரர்கள் அங்கிருந்தவருக்குக் கடிதம் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் 1971-இல் அப்பல்லோ 15 குழு அனுமதியில்லாமல் சுமார் 400 உறைகளை நிலாவுக்குக் கொண்டுபோனது. அதில் நூறு ஜெர்மன் வியாபாரி ஒருவர் கைக்குப் போய், ஒவ்வொன்றும் சுமார் 1,500 டாலருக்கு விற்றன. விஷயம் வெளியே வந்து மூவரும் கண்டிக்கப்பட்டார்கள், பிறகு அவர்களில் யாரும் விண்வெளிக்குப் போகவில்லை. பறந்த உறை என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு பணமும் வம்பும் இருக்கிறது. விற்பவரின் வாய்வார்த்தையைத் தவிர ஆதாரமே இல்லாத ஜெமினி உறைக்கு முன்பணம் வேண்டாம் என்றேன். கேட்டுக்கொண்டார்.

ஒரு விண்வெளி வீரரின் கையெழுத்திட்ட அட்டையும் வைத்திருந்தார். இணையத்தில் கிடைத்த இன்னொரு கையெழுத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தியது. மனிதர் இரண்டு முறை அப்படிப் போட முடியாது, இயந்திரப் பேனாவின் வேலை அது. அதையும் எடுத்து வைத்தோம்.

நான்காவது முடிவு காட்சியையே மாற்றியது. மெர்க்குரி முதல் ஜெமினி வரை எல்லாக் கப்பலையும் காட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஒரு திருச்சி வாத்தியார் 1961 முதல் 1966 வரை விண்வெளிக்கு எழுதிய கடிதங்கள் என்று அப்பாவின் உறைகளை வைத்தே பதினாறு ஷீட் செய்யலாம் என்றேன். ஒவ்வொரு ஷீட்டிலும் அனுப்பிய நாள், ஏவிய நாள், தெப்பக்குளத்தில் விழுந்த டெலிவரி முத்திரை நாள், மூன்றும் வர வேண்டும். முதலில் தயங்கினார். கறை படிந்த உறையைப் பத்துப் பேர் பார்க்க வைப்பது அவருக்கு அப்பாவைக் கிழிந்த சட்டையோடு நிறுத்துவது போல இருந்தது. அக்காதான் "அவர் கையெழுத்து இருக்குல்லடா, அதைவிட என்ன வேணும்" என்று முடித்து வைத்தார்.

அழித்த பென்சிலைத் தேடியது

பென்சில் கரியை ரப்பர் எடுத்துவிடும், அழுத்தத்தால் காகிதத்தில் விழுந்த பள்ளத்தை எடுக்காது. ஒரு இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மேஜை மட்டத்துக்குப் படுக்க வைத்த டார்ச் ஒளியில் மூன்று உறைகளின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்தோம். ஒளி ஒரு பக்கமிருந்து சாய்வாக விழும்போது பள்ளத்தின் நிழல் கோடாகத் தெரியும். டார்ச்சை நான்கு திசையிலும் நகர்த்தி நாற்பது படம் எடுத்தோம்.

கிளென் பயண உறையில் தெளிவாகவே வந்தது: "27-1 இல்லை. 14-2 இல்லை. 20-2 ஆச்சு." 1962 ஜனவரி 27 அன்று கிளென் கலத்துக்குள் மணிக்கணக்கில் படுத்திருந்து, மேகமூட்டத்தால் இறங்கி வந்தார். பிப்ரவரி நடுவிலும் வானிலை விடவில்லை. அவ்வளவு நாளும் அப்பாவின் உறை கேப் கெனவெரல் தபால் நிலையத்தில் காத்திருந்திருக்கிறது, அவர் இங்கே பேப்பரைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலில் எழுதிக்கொள்ளக் கூடிய ஒரே இடம் வேறொரு நோட்டுதான். உறை வந்த பிறகு நோட்டிலிருந்து பெயர்த்து எழுதியிருக்க வேண்டும். அதைப் படித்ததும் மகன் எழுந்து வெளியே போய் நின்றார்.

கார்ப்பென்டர் உறையில் பாதி தேறியது. குறித்த இடத்துக்கு 400 கிலோமீட்டர் தள்ளி இறங்கி, ஆள் ஹெலிகாப்டரில் இன்ட்ரெபிட்டுக்கும், கலம் பிறகு ஜான் ஆர். பியர்ஸ் என்ற டிஸ்ட்ராயருக்கும் போன பயணம் அது. "ஆள் ஒரு கப்பல், பெட்டி ஒரு கப்பல்" என்று எழுதியிருந்தார் வாத்தியார்.

என்ன ஆயிற்று

ஒரு விற்பனையாளர் ஐந்து கப்பல் உறைகளுக்குப் பணத்தைத் திருப்பினார். இன்னொருவர் காலக்கெடு முடிந்துவிட்டது என்று மீதி இரண்டுக்கும் மெர்க்குரித் தலை உறைக்கும் மறுத்துவிட்டார். சுமார் 17,000 ரூபாய் நஷ்டம். திருப்பி அனுப்பிய ஐந்தில் ஒன்று நான்கு மாதம் கழித்து வேறொரு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்ததைப் பார்த்தேன். ஜிப் கோடு அடித்த அதே நோவா உறை. புகார் எழுதினேன், விளம்பரம் எடுக்கப்பட்டது.

ஃபிரேம் குறித்த நேரத்தில் தயாரானது. ககாரின் பயணத்துக்குச் சோவியத் அஞ்சல் துறை வெளியிட்ட 3, 6, 10 கோபெக் தலைகள் ஒட்டி மாஸ்கோ நண்பர் அனுப்பிய உறை முதல் ஷீட். பதினொன்றாம் ஷீட்டில் அப்பாவின் கியர்சார்ஜ் உறையையும், கையில் தங்கிவிட்ட போலிக் கியர்சார்ஜையும், போலி என்ற குறிப்போடு மேலும் கீழுமாக வைத்தோம். இப்படிக் காட்டலாமா என்று முன்பே அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டோம். வெள்ளி-வெண்கலப் பதக்கம் கிடைத்தது. நடுவர் தாளில், டெலிவரி முத்திரைகளை வைத்துப் பயண நாட்களைக் கணக்கிட்டிருப்பதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். கிளென் உறை ஐம்பது நாள், கூப்பர் உறை ஐம்பத்தொன்பது நாள்.

இப்போது செய்தால்

வந்த நாளிலேயே இரண்டு அடுக்கையும் பிரிப்பேன். ஒப்பீட்டுக்கு உண்மையான முத்திரை தேடி நான் ஐந்து வாரம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, அது இரண்டடி தூரத்தில் ரப்பர் பேண்டுக்குள் இருந்தது. அந்த ஐந்து வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் இரண்டாவது விற்பனையாளரின் காலக்கெடுவும் முடிந்திருக்காது.

சேகரிப்பு எதுவாக இருந்தாலும், யாரும் ரப்பரோ துணியோ எடுக்கும் முன்னால் எல்லா உறைகளையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். வியாபாரியின் விலை எது, சேகரித்தவரின் குறிப்பு எது என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுகிறேன். வாங்கும் முன் பார்க்க வேண்டிய வரிசையையும் மாற்றிக்கொண்டேன்: முத்திரையின் மணி, தலை வெளியான நாள், எந்தக் கப்பல், விலாசம் எழுதிய விதம், பின்பக்கம். கேஷேயும் படமும் கடைசி. திருப்பி அனுப்பும் உறையின் எண்ணையும் படத்தையும் அன்றே மற்ற சேகரிப்பாளர்களுக்கு அனுப்பிவிடுவேன், நான்கு மாதம் காத்திருக்க மாட்டேன்.

கியர்சார்ஜ் உறையின் பின்பக்கத்தை இன்னும் மூன்று முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டோம். நீர்க்கறை பட்ட இடத்தில் காகித நார் உப்பி, பள்ளமெல்லாம் மூடிக்கொண்டது. "கூப்பர் 16-5" என்பது வரை தெரிகிறது. அதற்குக் கீழே இரண்டு வரி இருந்திருக்கிறது. அப்பா அன்று என்ன சொன்னார் என்று அக்காவிடம் கேட்டோம். தெரு முழுக்கக் காட்டினார் என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம்.